மிதவை மேடை சிக்குகிறதா, கைடு பைப் ஆடுகிறதா? ஏரிப் படகுத்துறைப் பழுதுகளுக்கு ஒரு வழிமுறை

“பைப் வளைஞ்சிடுச்சுண்ணா, உடனே வாங்க” என்றுதான் பெரும்பாலும் போன் வரும். போய்ப் பார்த்தால் பைப் நட்டபடியே நிற்கும். அதைச் சுற்றியுள்ள ரிங்கில் ஆகாயத்தாமரை வேர் அடைத்திருக்கும். இல்லாவிட்டால் கரையிலிருந்து மேடைக்குப் போகும் பாலத்தின் கீல் துருவில் இறுகியிருக்கும். இரண்டுமே அரை நாள் வேலை. பைப்பைப் பிடுங்கி நடுவது என்றால் கிரேன், போர்வெல் வண்டி, அனுமதி என்று செலவு எங்கேயோ போய்விடும். அதனால் கீழே உள்ள எல்லாப் பழுதுக்கும் ஒரே வரிசையில்தான் போயிருக்கிறேன்: முதலில் ரிங், அப்புறம் கயிறும் பாலமும், அப்புறம் மேடையை மிதக்கவைக்கும் டிரம், கடைசியில்தான் பைப்.

கைடு பைப் என்று நான் சொல்வது ஏரியின் தரையில் நட்டிருக்கும் இரும்புக் குழாயை. மிதவை மேடையின் ஓரத்தில் உள்ள ரிங் அதைச் சுற்றியிருக்கும். தண்ணீரோடு மேடை ஏறி இறங்கும், ஆனால் பக்கவாட்டில் நகராது. படகைக் கட்ட மட்டும் நட்டிருப்பது கட்டுக்கம்பம். ஏலகிரி புங்கனூர் ஏரி மாதிரி படகு விடும் இடமானாலும் சரி, சொந்த மீன் குட்டையானாலும் சரி, அமைப்பு இதுதான்.

துறைமுகத்துக்கும் நம் ஏரிக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் கடல் மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும், அதுவும் சுமார் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். அங்கே ரிங்குக்குள் பைப்பைத் தொட்டு உருளும் ரோலர் தினமும் உருண்டு தேயும். நம் ஏரியில் மட்டம் நாளுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் அதிகம். ஆனால் ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே மீட்டர் கணக்கில் இறங்கிவிடும். ரோலர் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று இறுகிவிடுகிறது. கடலுக்கு எழுதின பராமரிப்புக் கையேட்டை அப்படியே கொண்டுவந்தால் இங்கே ஒத்துவராது.

தொடங்கும் முன் எடுத்து வையுங்கள்: தூக்குக்குண்டு, அளவு டேப், சாக்பீஸ், சின்னச் சுத்தியல், கொக்கி வைத்த நீள மூங்கில், 12 மி.மீ. கம்பி ஒன்று மூன்று மீட்டர் நீளத்தில். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். தனியாகப் போக வேண்டாம். ரிங்குக்கும் பைப்புக்கும் நடுவே கையை விடவே கூடாது. ஒரு சின்ன அலை வந்தால் போதும், விரல் போய்விடும்.

தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. கம்பத்தில் விளக்கு, மேடையில் பம்பு, ஐஸ் பெட்டிக்கு இழுத்த வயர் என்று ஏதாவது ஒன்று இருந்தால் இந்தப் பிரச்சினை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

எதையும் தொட்டுச் சோதிக்காதீர்கள். எல்லாரையும் கரையேற்றுங்கள். தண்ணீரில் இறங்கியிருப்பவர்களை பைப்பைப் பிடிக்காமல், மேடையை விட்டு விலகி வேறு பக்கம் கரையேறச் சொல்லுங்கள். கரையில் இருக்கும் மெயினை அணையுங்கள். அதன்பிறகு நீங்கள் செய்ய எதுவும் இல்லை. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வரும்வரை காத்திருங்கள். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: கரைப் பெட்டியில் மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா? இல்லையென்றால் மேடையில் மின்சாரமே வேண்டாம், சோலார் விளக்கு போதும்.

தண்ணீர் இறங்கிவிட்டது, மேடை இறங்கவில்லை

ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். அல்லது மேடை முழுக்க அந்தரத்தில் தொங்கும். மாசி, பங்குனியில் அதிகம் வருவது இதுதான்.

முதலில் மேடையில் இருப்பவர்களை இறக்குங்கள். தொங்கும் மேடை எந்த நிமிடமும் விழலாம். அடியில் படகை விடாதீர்கள், ஆளையும் விடாதீர்கள்.

அப்புறம் எந்தப் பக்கம் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நான்கு மூலையிலும் மேடைத் தளத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உயரத்தை அளங்கள். எங்கே அதிகமோ அங்கேதான் பிடிப்பு. சந்தேகம் என்றால் ஒவ்வொரு பைப்பிலும் ரிங்கின் மேல்விளிம்பு நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து பாருங்கள். தண்ணீர் இறங்கியும் கோட்டிலேயே நிற்கும் ரிங்தான் குற்றவாளி.

அந்த ரிங்கில் பார்க்க வேண்டியவை, செலவு குறைந்ததிலிருந்து:

குப்பை. ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டு, அறுந்த மீன்வலை, தண்ணீர் பாட்டில். வலை நரம்புதான் மோசம். ரோலர் அச்சில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு வெளியே தெரியாது. படகில் இருந்தபடி கொக்கி மூங்கிலால் இழுத்தெடுங்கள்.

மேடையைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. காற்றடித்த இரவில் யாரோ கூடுதலாக ஒரு கயிற்றைக் கரை மரத்தில் கட்டியிருப்பார்கள், அவிழ்க்க மறந்திருப்பார்கள். சிரிக்க வேண்டாம், இது நிறைய நடக்கிறது.

கரைப் பாலத்தின் கீல். ரிங்கில் ஒன்றும் இல்லை என்றால் நேராக இங்கே வாருங்கள். மட்டம் இறங்க இறங்கப் பாலம் சரிய வேண்டும். அதன் மேடைப் பக்கச் சக்கரமோ கீலோ இறுகினால் பாலமே மேடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கீலில் துரு ஒழுகிய தடமும், சக்கரம் உருளும் தகட்டில் புதிதாகத் தேய்ந்த தடம் இல்லாததும் அடையாளம்.

ரோலர் இறுகியது. ஒரு மரக்குச்சியால் ரோலரைத் தள்ளிப் பாருங்கள், உருள வேண்டும். உருளாவிட்டால் அச்சைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நம் பட்டறைகளில் ரோலரை நைலானில் கடைந்து தருவார்கள். கடைசலுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நைலான் தண்ணீரை இழுத்துக் கொஞ்சம் உப்பும். அச்சோடு இறுக்கமாகத் துளை போட்டிருந்தால் சில மாதத்தில் பிடித்துக்கொள்ளும். துளையைத் தாராளமாக விடச் சொல்லுங்கள், அல்லது தண்ணீர் இழுக்காத யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீனில் கடையச் சொல்லுங்கள். அச்சு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கிரீஸ் அப்பி ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. மணல் ஒட்டி உப்புத்தாளாகிவிடும், குடிநீர் ஏரியில் அது கூடவும் கூடாது.

பைப்பின் மேல் ஏதாவது துருத்திக்கொண்டிருப்பது. வெல்டிங் மேடு, போல்ட் தலை, பொருக்காகத் தூக்கிய துரு. விளம்பரப் பலகை மாட்ட யாரோ அடித்த கிளாம்ப்கூட இருக்கலாம். மேலிருந்து ரிங் வரைக்கும் ஒரு கம்பி வளையத்தைப் பைப்பில் தொங்கவிட்டு இறக்கிப் பார்த்தால் எங்கே தட்டுகிறது என்று தெரிந்துவிடும். ரிங்குக்குக் கீழே இருக்கும் பகுதியை மறக்காதீர்கள். தடை பெரும்பாலும் அங்கேதான்.

டிரம் ஒழுகல். மேடை சாய்ந்தால் ரிங்கும் சாயும், சாய்ந்த ரிங் பைப்பை இரண்டு முனையில் கவ்விக்கொள்ளும். 200 லிட்டர் நீல டிரம் ஒன்று ஏறக்குறைய 200 கிலோ எடையைத் தாங்கும். அதில் ஒன்று நிரம்பிவிட்டாலே ஒரு மூலை அமுங்கிவிடும். இதில் குழப்பம் வரும்: அமுங்கிய மூலையில் ஒழுகல், தூக்கிய மூலையில் கவ்வல். தூக்கிய பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் கிடைக்காது.

இரண்டு பைப்புக்கும் நடுவே இடைவெளி மாறியிருப்பது. பைப்புகளின் உச்சியில் ஒரு முறை, தண்ணீர் மட்டத்தில் ஒரு முறை நடுத்தூரத்தை அளங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் ரிங்கின் தளர்வை விட அதிகம் என்றால், எந்த ரோலரைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் வந்து சிக்கியே தீரும். “வருஷா வருஷம் இதே இடத்துலதான் நிக்குது” என்று காவலாளி சொன்னால் இதுதான் என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். அடுத்து, சாய்ந்த பைப்புக்கான பகுதிக்குப் போங்கள்.

விடுவிப்பது எப்படி? தொங்கும் உயரம் நாலு விரல் அளவுக்குள் என்றால், படகில் தள்ளி நின்று நீள மூங்கிலால் மேடையை இங்கும் அங்கும் மெதுவாக அசையுங்கள், இறங்கிவிடும். அதற்கு மேல் தொங்கினால் கை வைக்காதீர்கள். ரிங்கின் போல்ட்டைக் கழற்றுவது, சுத்தியலால் அடிப்பது இரண்டும் மேடையை ஒரே அடியாக விழவைக்கும். முக்காலியும் செயின் பிளாக்கும் வைத்து மூலையைத் தாங்கிக்கொண்டு இறக்கத் தெரிந்த ரிக்கிங் ஆட்களைக் கூப்பிடுங்கள். செயின் பிளாக்கைக் கைடு பைப்பிலேயே மாட்டப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

தண்ணீர் ஏறிவிட்டது, மேடை ஏறவில்லை

இங்கே இரண்டு கிளை.

மேடை இதுவரை மிதந்துகொண்டுதான் இருந்தது, இப்போது ஒரு பக்கம் தண்ணீருக்குள் போகிறது என்றால்: மேலே சொன்ன அதே சோதனைகள், ஆனால் ரிங்குக்கு மேலே இருக்கும் பைப் பகுதியைப் பாருங்கள். விடுபடும்போது மேடை மேல்நோக்கித் துள்ளும். ரிங்குக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு குப்பை எடுக்காதீர்கள்.

கோடையில் ஏரி வற்றி மேடை தரையில் உட்கார்ந்திருந்தது, மழை வந்தும் எழவில்லை என்றால்: களிமண் பிடித்துவைத்திருக்கிறது. டிரம்முக்கு அடியில் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும்; தண்ணீர் அதற்குள் புகுந்தால்தான் விடும். ஜே.சி.பி. கொண்டுவந்து கயிறு கட்டி இழுப்பது வழக்கம். மேடையின் ஆங்கிள் சட்டமும் கைடு பைப்பும் ஒன்றாக வளைவதற்கு அதுதான் சுருக்கு வழி. டிரம்மின் ஓரமாக அடியில் சின்னப் பம்பின் ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரையுங்கள். ஒவ்வொரு மூலையாக, பொறுமையாக. எழுந்ததும் டிரம்களை எண்ணிப் பாருங்கள், ஏதாவது நசுங்கியிருக்கும்.

அடுத்த கோடைக்கு முன் மேடை உட்காரும் இடத்தில் பனந்துண்டுகளையோ கற்பலகையையோ வரிசையாகப் போட்டுவையுங்கள். மேடை அதன்மேல் உட்கார்ந்தால் சேறு பிடிக்காது. ஏரி வற்றியிருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும்.

டங் டங்கென்று சத்தம்

ரிங்கின் தளர்வு அதிகமாகிவிட்டது. மரக்குச்சியை நுழைத்துப் பாருங்கள்: சுற்றிலும் ஒரு விரல் தடிமன் இடைவெளி இருந்தால் சரி, மூன்று விரல் என்றால் ரோலரோ ரப்பரோ தேய்ந்துவிட்டது. லாரி டயர் துண்டை உள்பக்கம் போல்ட் போட்டுச் சமாளிக்கலாம். போல்ட் தலை ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லையேல் பைப்பைச் சுரண்டும். சத்தம் ரிங்கிலிருந்து இல்லாமல் பைப்பின் அடியிலிருந்து வந்தால் கீழே படியுங்கள்.

பைப் சாய்ந்திருக்கிறது அல்லது ஆடுகிறது

முதலில் எவ்வளவு என்று அளங்கள். கண்ணை நம்பாதீர்கள், பின்னால் மலைச் சரிவு இருந்தால் நேரான பைப்பும் சாய்ந்த மாதிரி தெரியும். காற்றில்லாத காலையில் பைப்பின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, இரண்டு திசையில் அளங்கள். பைல், அதாவது தரைக்குள் இறக்கும் தூண், போடும் வேலைக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2911 நேர் பைலுக்கு 1.5 சதவீதம் வரை சாய்வை அனுமதிக்கிறது. அதாவது மூன்று மீட்டருக்கு நாலரை சென்டிமீட்டர். அதற்குள் இருந்து, மேடையும் சிக்காமல் ஓடினால் விட்டுவிடுங்கள். பெயின்டால் தேதி எழுதி அளவைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது கூடியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரே சாய்வில் வருடக்கணக்கில் நிற்கும் பைப்பைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

கூடிக்கொண்டே போனால், அல்லது ஒருவர் கையால் தள்ளினாலே அசைந்தால், காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

எல்லாப் படகையும் ஒரே பைப்பில் கட்டியிருக்கிறார்களா? கைடு பைப் மேடைக்கு. படகுக்குக் கட்டுக்கம்பம் தனி. சீசன் நேரத்தில் பெடல் படகு பத்தையும் ஒன்றோடொன்று கோத்து முதல் படகை மட்டும் கைடு பைப்பில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், இரவுக் காற்று அத்தனை படகையும் அந்த ஒரு பைப்பில் இழுக்கும். பிரித்துக் கட்டுங்கள். செலவில்லை.

அடியில் மண் போயிருக்கிறதா? மதகுக்குப் பக்கத்திலோ, ஏரி நிரம்பி வழியும், அதாவது கோடி போகும், வாயின் பக்கத்திலோ நட்ட பைப் என்றால் நீரோட்டம் அடிமண்ணை அரித்துவிடும். படகிலிருந்து மூங்கிலை இறக்கி, பைப்பைச் சுற்றிலும் இரண்டு மீட்டர் தள்ளியும் ஆழம் பாருங்கள். பைப்பை ஒட்டி மட்டும் பள்ளமாக இருந்தால் அரிப்பு. மணல் மூட்டை அடுக்கி மேலே கருங்கல் போடுவது தற்காலிகத்துக்கு உதவும்.

வண்டல் அள்ளினார்களா? விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரி வண்டல் எடுக்க அரசு அனுமதி தருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ஜே.சி.பி. ஓட்டுகிறவருக்கு உங்கள் பைப் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாது. பைப்பைச் சுற்றி ஐந்து மீட்டர் விட்டுக் கம்பு நட்டு ரிப்பன் கட்டிவையுங்கள். ஏற்கெனவே தோண்டிவிட்டார்கள் என்றால், தளர்வாக மண்ணைத் தள்ளி மூடுவதால் பயனில்லை, இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

களிமண் வெடித்திருக்கிறதா? ஏரி வற்றி மே மாத வெயிலில் காயும்போது களிமண் சுருங்கி, பைப்பைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு விரிசல் விடும். அந்தச் சமயம் பைப் கண்டபடி ஆடும். பயப்பட வேண்டாம், தண்ணீர் வந்ததும் மண் ஊறி ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் விரிசலில் குப்பையும் சரளையும் விழுந்து அடைத்துவிட்டால் பைப் சாய்ந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். அதனால் வெடிப்பு தெரிந்ததும் பைப்பை நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, ஏரி மண்ணையே குழைத்துச் சுற்றிலும் இடித்து அடையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், பைப் ஆரம்பத்திலேயே ஆழமாக நடப்படவில்லை. சோதிக்க ஒரு வழி: 12 மி.மீ. கம்பியைப் பைப்பின் பக்கத்தில் கையால் அழுத்துங்கள். கையால் எவ்வளவு தூரம் இறங்குகிறதோ அந்த மண் பைப்பைப் பிடித்துக்கொள்ளாது. நட்டவர்கள் “எட்டடி இறக்கியிருக்கோம்” என்பார்கள். அதில் ஐந்தடி வண்டலாக இருந்தால் உண்மையான பிடி மூன்றடிதான்.

இங்கே ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் எந்த ஆள் என்பதில் கவனம் வேண்டும். கடற்கரையில் மணலில் பைல் இறக்குவது போல இங்கே இறக்க முடியாது. வேலூர், திருப்பத்தூர் பக்கமெல்லாம் சில அடி மண்ணுக்கு அப்புறம் பாறை. சுத்தியல் வைத்து அடித்தால் பைப் பாறையில் முட்டி நின்றுவிடும், விடாமல் அடித்தால் நுனி நசுங்கும். மேலே பார்ப்பவருக்கு ஆழமாக இறங்கின மாதிரி இருக்கும். ஏரி வற்றியிருக்கும் மாதத்தில் போர்வெல் வண்டியை உள்ளே இறக்கிப் பாறையில் துளை போட்டு, பைப்பை அதற்குள் நிறுத்தி கிரவுட் (சிமென்ட் குழம்பு) ஊற்றுவதுதான் நம் மண்ணுக்குச் சரி. வழக்கமான ஆறரை இஞ்ச் போர் துளையில் நாலு இஞ்ச் பைப் நின்றால் சுற்றிலும் ஓர் இஞ்ச் அளவுக்கு கிரவுட் போகும். அதைவிடப் பெரிய பைப்புக்குப் பெரிய துளை வேண்டும். பெடல் படகு மேடையா, மோட்டார் படகு மேடையா என்பதைப் பொறுத்துப் பைப்பின் அளவையும் துளையின் ஆழத்தையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும். போர் வண்டிக்காரரிடம் அதைக் கேட்காதீர்கள்.

அனுமதியையும் மறக்க வேண்டாம். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரி என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். வேலூர்க் கோட்டை அகழி மாதிரி தொல்லியல் துறைப் பொறுப்பில் உள்ள இடமென்றால் ஓர் ஆணி அடிக்கவும் அவர்களைக் கேட்க வேண்டும்.

பைப்பில் துரு

மேல் துருவா, உள் துருவா என்பதுதான் கேள்வி. பழுப்பாகப் பொடி மாதிரி இருந்தால் கம்பி பிரஷ், பிரைமர், எபாக்சி பெயின்ட். ஏரி இறங்கியிருக்கும்போது அடித்துவிடுங்கள். ஈரத்தின் மேல் அடித்த பெயின்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

ஏடு ஏடாக உரிந்தால் சுத்தியலால் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். கணீரென்ற ஒலி மாறி மொத்தையாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸ் வட்டம் போடுங்கள். கடலில் துரு ஒரு குறுகிய பட்டையில் கடிக்கும். நம் ஏரியில் மட்டம் வருடம் முழுக்க நகர்வதால் பட்டை மீட்டர் கணக்கில் அகலம். அதோடு பைப் மண்ணுக்குள் நுழையும் இடத்தையும் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள், அங்கே அடிக்கடி மோசமாக இருக்கும். தடிமன் அளக்க அல்ட்ராசோனிக் கருவி உண்டு. ராணிப்பேட்டையில் பாய்லர் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் விசாரித்தால், இந்தச் சோதனை செய்பவரைக் காட்டிவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கு தடிமன் போயிருந்தால் நான் பெயின்ட் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு மாற்றச் சொல்வேன்.

பைப்பின் உச்சி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே பளபளக்கும் பைப்பை உள்ளிருந்து தின்றுவிடும். கூம்பு மூடி போடுங்கள். நீர்க்காகம் உட்கார்ந்து எச்சமிடுவதும் குறையும்.

துத்தநாகக் கட்டி மாட்டினால் துரு வராது என்று சிலர் விற்கிறார்கள். கடல் நீரில் அது வேலை செய்யும். நல்ல தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து சும்மா தொங்கும். அங்கே மக்னீசியம்தான் வேண்டும். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீர்நிலை என்றால் உப்பு எவ்வளவு என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். பாலாற்றுப் பகுதியின் இந்த மாசு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். தோல் பதனிட எடுக்கும் உப்பு இரும்புக்கும் எமன். தண்ணீர் சோதனை அறிக்கையில் டி.டி.எஸ். (கரைந்துள்ள மொத்த உப்பு), குளோரைடு இரண்டையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்யலாமா? மேடையில் வெல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு ஈரக் காலோடு கூடாது. மூடிய பைப்பில் காற்றுத் துளை போடாமல் கூடாது. ஜி.ஐ. பைப் என்றால் துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும்.

மழைக்காலம்: ரிங் பைப்பின் உச்சிக்கு வந்துகொண்டிருக்கிறது

இது பழுதல்ல, பைப்பின் உயரம் குறைவு. ஆனால் தெரியவரும் நாளில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ரிங் உச்சியைத் தாண்டிவிட்டால் மேடை அவிழ்ந்து போய் மதகிலோ, ஏரி வழியும் கலிங்கலிலோ அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது உங்கள் மேடைப் பிரச்சினை அல்ல, ஊர்ப் பிரச்சினை.

ரிங்குக்கு மேலே ஒரு மீட்டர்தான் மிச்சம், நீர்வரத்து நிற்கவில்லை என்றால்: படகுகளைக் கரையேற்றுங்கள். மேடையின் நான்கு மூலையிலிருந்தும் கரையின் உறுதியான மரம் அல்லது நங்கூரக் கல்லுக்கு நீளக் கயிறு, கொஞ்சம் தளர்வாக. கரையைத் தாண்டி ஏரி உடையும் பேச்சு வந்தால் மேடையை விட்டுவிட்டு வாருங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பைப்பின் மேல் துண்டு வைத்து வெல்டிங் செய்து உயரத்தைக் கூட்டுவது மழைக்கு முன் செய்யும் வேலை. வெள்ளத்தின் நடுவே யாரையும் பைப்பில் ஏற்றாதீர்கள்.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்குச் சர்வே ஆள் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. ஏரி கோடி போக ஆரம்பிக்கும் அன்றைக்குத் தண்ணீர் மட்டத்தைப் பைப்பில் பெயின்டால் குறித்துவிடுங்கள். அதுதான் நிறைமட்டம். கோடி போகும்போது கலிங்கலின் மேல் இரண்டு மூன்று அடி வரைக்கும் தண்ணீர் ஏறலாம். அந்த ஏரியின் உச்சமட்டம் எவ்வளவு என்று பாசன உதவியாளரிடம் கேட்டால் சொல்லுவார். உச்சமட்டத்தில் ரிங் நிற்கும் இடத்துக்கு மேலே இன்னும் ஒரு மீட்டராவது பைப் வெளியே தெரிய வேண்டும்.

மரக் கம்பம் தண்ணீர் மட்டத்தில் மெலிந்திருக்கிறது

சவுக்குக் கம்பம் எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்கும் பகுதியில் நன்றாக இருக்கும், நனைந்து காய்ந்து நனையும் பகுதியில்தான் மக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். அரை இஞ்ச்சுக்கு மேல் எதிர்ப்பில்லாமல் இறங்கினால் படகைக் கட்டாதீர்கள். கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு நம் ஏரியில் கிடையாது; ஆனால் ஏரி வற்றும் மாதங்களில் கரையான் ஏறும். மண் கோடு தெரிந்தால் தட்டிவிட்டு உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று பாருங்கள். இதற்கு நிபுணர் தேவையில்லை. கோடையில் பிடுங்கிவிட்டு வேறு கம்பம் நடுங்கள், கருவைக் கம்பம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கட்டுக்கயிறு சீக்கிரம் அறுகிறது

ஒரே இடத்தில் அறுந்தால் கம்பத்தில் கூர் இருக்கிறது. துணியைக் கம்பத்தில் தடவிப் பாருங்கள், எங்கே இழுபடுகிறதோ அங்கே அரத்தால் ராவுங்கள். கயிறு முழுக்க வெளுத்து, முறுக்கினால் பொடி உதிர்ந்தால் வெயில் தின்றது. நீல, பச்சை பிளாஸ்டிக் கயிறு வேலூர் வெயிலில் அப்படித்தான் ஆகும். நைலான் கயிறு விலை கூட, ஆனால் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், படகின் கொக்கியும் தப்பிக்கும்.

இரண்டும் இல்லாமல் முடிச்சுப் பக்கம் அறுந்தால், நிலையான கம்பத்தில் கயிற்றைக் குட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். மட்டம் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கும். ஏறும்போது மூக்கு முங்கும். கம்பத்தில் தளர்வாக ஓடும் ஒரு வளையத்தைப் போட்டு, கயிற்றை அதில் கட்டுங்கள். வளையம் 12 மி.மீ. கம்பியில் இருந்தால் போதும், அதன்மேல் பழைய ஹோஸ் பைப்பை மாட்டிவிட்டால் கம்பத்தின் பெயின்ட்டும் உரியாது.